அப்பத்தாவும் மூன்றாம் வகுப்பும்

கொரோனா மறுபடி பரவினால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதைப் பெற்றோரே முடிவு செய்யட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவை எடுத்துப் பார்த்தவள் நான்.

2022 பிப்ரவரி 1 அன்று, ஒமைக்ரான் விடுமுறைக்குப் பிறகு 1 முதல் 12 வரை எல்லா வகுப்புகளும் திறந்தன. காரைக்குடியில் எங்கள் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. மாமியாருக்கு 76 வயது, சர்க்கரையும் மூச்சிழுப்பும் உண்டு. 15 வயதுக்குக் கீழே யாருக்கும் அன்று தடுப்பூசி கிடையாது. பிள்ளைக்கு லேசாக வந்து போவது அப்பத்தாவுக்கும் அப்படியே போய்விடுமா? இரண்டு வாரம் அனுப்பவில்லை.

அந்த இரண்டு வாரத்தில்தான் கவனித்தேன். சந்தைப் பையில் அச்சடித்திருந்த துணிக்கடைப் பெயரை மகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். 2020 மார்ச்சில் முதல் வகுப்போடு நின்ற படிப்பு! அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

சரி என்று அனுப்பினோம். அப்பத்தா கட்டிலை வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், காற்றோட்டமான பக்கம் போட்டோம். மகள் பின்கட்டில் சாப்பிட்டு, அங்கேயே படுத்தாள். ஒரே தட்டில் சாப்பிட்டுப் பழகிய இரண்டு பேருக்கும் அது பெரிய வேதனை.

எங்களுக்கு வளவு இருந்தது. ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் என்ன செய்வார்கள்? வகுப்பறை ஜன்னல்களைத் திறந்து வைப்பதும், காய்ச்சல் வந்த பிள்ளைக்கு வருகைப் பதிவைக் காட்டி மிரட்டாமல் விடுப்பு கொடுப்பதும் பள்ளியின் வேலை. அதையும் எழுதுங்கள்.