முக்கால் வினாடி

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: "நீ கல்லூரியில் பாடம் எடுக்கிறவன். பள்ளிக்கூடத்துக்குப் போய் உனக்கு என்ன வேலை?" ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். படுத்த பிறகுதான் சரியான பதில் வந்தது. கொஞ்சம் நீளம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கு வினவிக் கற்றல் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். (இதை 'விசாரணைவழிக் கற்றல்' என்று எழுதியிருந்த ஒரு தாளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்துவதுபோல் இருந்தது.) நான் 84 ஸ்லைடுகளோடு போனேன். கேள்வி மாணவரிடமிருந்து வர வேண்டும், சோதித்துப் பார்ப்பதும் அவர்களே, ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு கவனிக்க வேண்டும் என்று இரண்டு மணி நேரம் வாயை மூடாமல் பேசினேன்.

முடிந்ததும் கடைசி வரிசையில் ஒரு டீச்சர் எழுந்தார். "சார், எட்டு குழு இருக்கு. ஒரு குழு பத்து நிமிஷத்துல முடிச்சுட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கு. இன்னொரு குழு வயரோட தோலையே இன்னும் உரிக்கல. அப்ப நான் என்ன செய்யணும்?"

என்னிடம் பதில் இல்லை. 84 ஸ்லைடிலும் இல்லை. நல்ல கேள்வி என்று சொல்லி அடுத்தவரைக் கை காட்டினேன். பதில் தெரியாத பேராசிரியர்கள் எல்லோரும் செய்வதுதான்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பல்கலைக்கழகக்காரர்களும் பள்ளிக்காரர்களும் சேர்ந்து வேலை செய்வது என்றால் நம் மனசில் இருக்கும் படமே ஒன்றுதான்: இவர்கள் மேடையில், அவர்கள் நாற்காலியில். இவர்கள் கொடுப்பார்கள், அவர்கள் குறிப்பெடுப்பார்கள், கடைசியில் எல்லோருக்கும் சான்றிதழ். வினவிக் கற்றலைப் பற்றிய கூட்டத்தில் யாரும் எதையும் வினவியிருக்க மாட்டார்கள்.

என் சொந்த வகுப்பு என்ன லட்சணத்தில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலாண்டு லேப். தனி ஊசலை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கம் காண வேண்டும். முப்பது பேரில் இருபத்தெட்டுப் பேருக்கு விடை அப்படியே புத்தகத்தில் இருக்கும் 9.8. ஊசல் கட்டிய நூல் மேலே வழுக்கிக்கொண்டிருந்த மேசையிலும் 9.8. எப்படி வந்தது என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்: விடையிலிருந்து பின்னோக்கி ரீடிங் போட்டிருக்கிறார்கள். 'பள்ளியில் கெடுத்து அனுப்புகிறார்கள்' என்பது எங்கள் ஸ்டாஃப் ரூமின் வழக்கமான புலம்பல். ஆனால் ரெக்கார்டு நோட்டில் 9.8-ஐப் பார்த்துக் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டது நான்தானே?

மாதம் ஒரு சனிக்கிழமை வருகிறேன், பேச மாட்டேன், உங்கள் பிள்ளைகளின் நோட்டுகளை மட்டும் சேர்ந்து பார்ப்போம் என்று அந்த டீச்சரிடம் கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சரி என்றார். இப்படித்தான் தொடங்கியது.

எதற்காக இரண்டு பேரும் வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது ஒரு ஊசல் வகுப்பில்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பு. 'அலைவு நேரம் எதையெல்லாம் பொறுத்தது?' என்பது மட்டும்தான் பலகையில். (ஊசல் ஒரு முறை போய்த் திரும்ப ஆகும் நேரம்தான் அலைவு நேரம்.) செய்முறைக் குறிப்பு கிடையாது. ஒரு மீட்டர் நூல், ஒரு குண்டு, கோணமானி, ஸ்டாப்வாட்ச். ஒரு குழு குண்டை மாற்றிப் பார்த்தது, மாற்றமில்லை. இன்னொன்று நூலைக் குறைத்தது, நேரம் குறைந்தது. எல்லாம் புத்தகம் சொன்னபடி. மூலையில் ஒரு பெண் மட்டும் குண்டை 60 டிகிரிக்கு இழுத்துவிட்டாள். சின்ன வீச்சில் ஐந்து அலைவுக்குப் பத்து வினாடி வந்தது. 60 டிகிரியில் 10.7. "பெரிசா ஆட்டினா நேரம் கூடுது மேடம்."

டீச்சர் உடனே சொன்னது: "வாட்சைச் சரியா அமுக்கியிருக்க மாட்ட. திரும்ப எடு." இதில் தப்பே இல்லை. அலைவு நேரம் வீச்சைப் பொறுத்ததல்ல என்று புத்தகம் சொல்கிறது, தேர்வில் அதற்கு ஒரு மதிப்பெண் இருக்கிறது. திரும்ப எடுத்தாள். 10.7. மூன்றாம் தடவையும் அதே கணக்கு.

டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்கு விஷயம் தெரியும். அலைவு நேரத்துக்குப் புத்தகம் தரும் சூத்திரம் சின்ன வீச்சுக்கு மட்டும்தான் பொருந்தும். 60 டிகிரியில் அலைவு நேரம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். பத்து வினாடியில் அது கிட்டத்தட்ட முக்கால் வினாடி. பெண் அளந்தது சரியோ சரி. பெரிய வீச்சுக்கும் சின்ன வீச்சுக்கும் ஒரே நேரம்தான் என்று கலிலியோவே நம்பினார். அப்படி இல்லை என்று காட்டி, எந்த வளைவில் ஆடினால் நேரம் மாறாமல் இருக்கும் என்பதையும் கண்டுபிடித்தவர் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ். ஊசலைப் பற்றிய அவருடைய புத்தகம் 1673-இல் வந்தது. இதெல்லாம் நாக்கு நுனியில் துடிக்க, நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் நகர்ந்தேன்.

டீச்சர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "இப்பச் சொல்லாதீங்க சார். நீங்க சொன்னா எழுதிக்கிட்டு உட்கார்ந்துருவாங்க."

சாக்பீஸைக் கீழே வைத்தேன். கையில் அரிப்பு நிற்கவில்லை, அது வேறு.

டீச்சர் குழுக்களுக்குக் கோணத்தைப் பிரித்துக் கொடுத்தார். 10, 20, 30, 45, 60. வந்த எண்களைப் பலகையில் வரிசையாக எழுதினார்கள். 45-இல் கூடுதல் கண்ணுக்குத் தெரிந்தது. 30-இல் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. 20-இல் ஒன்றுமே இல்லை. "அப்ப 20 வரைக்கும் மாறல" என்று ஒரு பையன். "மாறுதோ என்னவோ, நம்ம கைக்குத் தெரியல" என்று அந்தப் பெண். ஸ்டாப்வாட்சை அமுக்குவதில் கை எவ்வளவு தாமதிக்கும் என்பதை அவர்களே அளக்கத் தொடங்கினார்கள். ஐந்துக்குப் பதில் இருபது அலைவு எண்ணினால் கைப்பிழை பங்காகிவிடும் என்று ஒருவன் சொல்ல, அதற்குள் வீச்சே குறைந்துவிடும் என்று இன்னொருவன் மறுக்க, வகுப்பு ரெண்டு பட்டது. பிழை என்றால் என்ன என்பதை நான் முதுகலையில்தான் இந்த அளவுக்கு யோசித்தேன். உண்மையைச் சொன்னால், யோசிக்கவில்லை, மனப்பாடம் செய்தேன்.

கடைசிப் பத்து நிமிடம் எனக்குக் கிடைத்தது. ஹைகன்ஸைச் சொன்னேன். அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நான் அங்கே இல்லாதிருந்தால் அந்த 10.7 சோதனைப் பிழை என்று அழிக்கப்பட்டிருக்கும். டீச்சர் இல்லாதிருந்தால் நானே அதைப் பலகையில் ஒரு நீளமான கணிதத் தொடராக எழுதிக் கொன்றிருப்பேன். எண் என்ன சொல்கிறது என்பது ஒருவருக்குத் தெரியும். அதை எப்போது சொல்லக் கூடாது என்பது இன்னொருவருக்குத் தெரியும். இரண்டாவதும் ஒரு அறிவு என்பதைப் பல்கலைக்கழகங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் என் முக்கியமான புகார்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அறிவியலை ஆயத்தச் சரக்காக ஒப்பிக்கிறோம், சிந்திக்கும் முறையாகக் கற்பிப்பதில்லை என்று அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1910-லேயே எழுதிவிட்டார். இரு தரப்பும் சேர்ந்த கதைகளில் எனக்குப் பிடித்தது அரிசோனாவில் நடந்தது. 1985-இல் ஹல்லூன், ஹெஸ்டினஸ் என்ற இருவர் விசையையும் இயக்கத்தையும் பற்றி அன்றாட மொழியில் கேள்விகள் கொண்ட ஒரு தேர்வை வெளியிட்டார்கள். கணக்கே போட வேண்டாம். பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு பருவம் முழுக்கப் பாடம் கேட்ட பிறகும் அதில் தடுமாறினார்கள். மால்கம் வெல்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சொற்பொழிவைக் குறைத்துச் சோதனை வழியில் நடத்துகிறவர் அவர். அப்படியும் மதிப்பெண் அவர் எதிர்பார்த்தபடி இல்லை.

இங்கே ஒரு பயிலரங்கு போட்டு முடித்திருக்கலாம். வெல்ஸ் அப்படி விடவில்லை. ஹெஸ்டினஸிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார், தன் வகுப்பறையையே ஆய்வுக்களம் ஆக்கினார். ஹெஸ்டினஸ் கோட்பாட்டு இயற்பியலாளர். மாதிரிகளை உருவாக்கித்தான் இயற்பியல் நடக்கிறது என்பது அவருடைய யோசனை. அதை முப்பது பதின்பருவத்தினரோடு ஒரு மணி நேரத்தில் நடத்திக் காட்டும் வித்தை வெல்ஸுடையது. சின்ன வெள்ளைப் பலகைகளில் குழுக்கள் தங்கள் விளக்கத்தை வரைந்து, எழுந்து நின்று வாதாடும் முறை அதன் அடையாளம் ஆனது. 1992-இல் வந்த 'விசைக் கருத்து' வினாத்தாளை இயற்பியல் கற்பித்தலில் இருக்கும் யாரும் அறிவார்கள். அதை எழுதிய மூவரில் இருவர் பள்ளி ஆசிரியர்கள். இந்த முறைக்கான கோடைப் பயிலரங்குகளையும் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களே நடத்துகிறார்கள். பேராசிரியர் மேடையில் இல்லை என்பதைக் கவனிக்கவும்.

அந்த 1985 தேர்வு ஹார்வர்டுக்கும் போனது. அங்கே இயற்பியல் பேராசிரியரான எரிக் மசூர் தன் மாணவர்களுக்குக் கொடுத்தபோது ஒரு மாணவி கேட்டாராம்: நீங்கள் சொல்லித்தந்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா? அவர் பாடம் நடத்தும் விதமே அதற்குப் பிறகு மாறிப்போனது. பள்ளிக்காரர்கள் கெடுத்து அனுப்புகிறார்கள் என்று புலம்பும் என் சகாக்களுக்கு இந்தக் கதையை அடிக்கடி சொல்வேன்.

இந்தியாவில் இதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம், 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் டாட்டா ஆய்வு நிறுவனத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்தார்கள். சோதனைகளை வகுப்பில் செய்துபார்த்து, ஆசிரியர்கள் சொன்னதைக் கேட்டு, பாடத்தைத் திருத்தி எழுதினார்கள். பிள்ளைகள் 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதருக்குக் கேள்விகளைக் கடிதமாக எழுதி அனுப்புவார்கள். அதைவிட முக்கியம், தேர்வையும் மாற்றினார்கள்: புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம், செய்முறையும் உண்டு. 1978-இல் மாவட்டம் முழுக்கப் பரவியது. 2002-இல் அரசு நிறுத்திவிட்டது. முப்பது வருட உழைப்பு ஓர் உத்தரவில் நின்றது. எங்கள் சனிக்கிழமைக் கூட்டம் பற்றிப் பெருமை வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன், பெருமை இறங்கிவிடும்.

மறுதரப்பையும் சொல்ல வேண்டும். 2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள்: புதிதாகக் கற்கிறவரை வழிகாட்டாமல் விட்டால் மூளைக்குச் சுமைதான் ஏறும், கற்றல் ஏறாது என்று. எங்கள் வட்டாரத்தில் பலர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். நான் பாதி ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைகளிடம் சாமானைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஜன்னலோரம் நின்றால் அது வினவிக் கற்றல் ஆகாது, ஓய்வு நேரம். அந்த ஊசல் வகுப்பில் டீச்சர் சும்மா நிற்கவில்லை. கோணத்தைப் பிரித்துக் கொடுத்ததும், எண்களைப் பலகையில் வரிசையாக எழுதவைத்ததும் வழிகாட்டல்தான். எவ்வளவு பிடித்துக்கொள்வது, எங்கே விடுவது என்பதைத்தான் நாங்கள் மாதாமாதம் சண்டை போட்டுப் பேசுகிறோம். முழுக்க விட்டுவிடும் வகுப்பு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ நடந்தாலே பெரிது. அதற்கு மேல் போனால் போர்ஷன் முடியாது, முடியாவிட்டால் யாரை நிற்கவைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதைத் தடுப்பது பணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை தடை நேரம்தான். என் பதவி உயர்வுக்கு ஆய்வுக்கட்டுரைகளை எண்ணுவார்கள், அவருக்குத் தேர்ச்சி சதவீதத்தை எண்ணுவார்கள். சனிக்கிழமைகளை எண்ண இரண்டு பக்கமும் கட்டம் இல்லை. இதை ஒரு நிர்வாகியிடம் சொன்னபோது, "அருமையான முயற்சி, தொடர்ந்து செய்யுங்கள்" என்று முதுகில் தட்டினார். தட்டியதோடு சரி. டீச்சரின் கால அட்டவணையில் மாதம் இரண்டு பீரியட், என்னுடையதிலும் அப்படியே. நான் கேட்பது இவ்வளவுதான். நிதி, மாநாடு, புரிந்துணர்வு ஒப்பந்தம், கைகுலுக்கும் போட்டோ எதுவும் வேண்டாம்.

அந்த முதல் கேள்விக்கு, முடித்துவிட்ட குழுவை என்ன செய்வது என்பதற்கு, டீச்சரே ஒரு வழி கண்டுபிடித்தார். முடித்தவர்கள் தங்கள் அளவீட்டை எப்படித் தப்பென்று நிரூபிக்கலாம் என்று எழுதித் தர வேண்டும். இதை என் முதலாண்டு லேபுக்கும் எடுத்துவந்துவிட்டேன். இந்த வருடம் 9.8 குறைந்திருக்கிறது. 9.5, 10.1, ஒரு 8.7 கூட வந்தது. அந்த 8.7 நோட்டில் நூல் வழுக்கியது என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போடும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

நேற்று டீச்சரிடமிருந்து வாட்ஸ்அப். அந்தப் பெண் கேட்கிறாளாம்: குண்டைத் தண்ணீருக்குள் ஆடவிட்டால் நேரம் கூடுமா, சீக்கிரம் நின்றுவிடும் அவ்வளவுதானா? கூடும் என்று நினைக்கிறேன், ஆனால் எவ்வளவு என்று மனக்கணக்கில் சொல்ல வரவில்லை. "பதில் அனுப்பவா டீச்சர்?" என்று கேட்டேன். "வேண்டாம் சார், வரும்போது ஒரு பெரிய வாளி மட்டும் எடுத்துட்டு வாங்க" என்றார்.