ஒரு காஸ்ட்டுக்கு மூணு ராத்திரி

மூணு ராத்திரி போச்சு, ஒரே ஒரு வரிக்காக. ஒரு லினக்ஸ் டிரைவர்ல, ஐஓரீமேப் (கார்டோட மெமரியைத் தொட கெர்னல் முகவரி தர்ற ஃபங்ஷன்) கொடுத்த பாயிண்டரை வாய்ட் ஸ்டாரா, அதாவது சாதாரண பாயிண்டரா வகை மாத்தி (காஸ்ட் பண்ணி), அதுமேல நேரா மெம்காப்பி (ராம்ல தரவை நகல் எடுக்கிற ஃபங்ஷன்) போட்டு வச்சிருக்காங்க. வயிறு எரியுது.

பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. டிரைவர், கார்டை வித்தவங்க கொடுத்தது. டெஸ்க்டாப்ல ரெண்டு வருஷமா ஓடுது. ஏஆர்எம் 64 சிபியூ இருக்கிற போர்டுக்கு மாத்தினோம், அங்கயும் ஏழு மாசம் ஓடுச்சு. போன வாரம் புது ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ள ஓடுற மென்பொருள், டிரைவர்தான் அதை கார்டுக்குள்ள எழுதும்) வந்தது. லோட் பண்ணின உடனே கெர்னல் ஊப்ஸ், அதாவது கெர்னலே தடுக்கி விழுந்து கொட்டுற பிழை அறிக்கை. பழைய ஃபர்ம்வேரைப் போட்டா ஒரு சத்தமும் இல்லாம ஓடுது. அப்ப ஃபர்ம்வேர்லதான் கோளாறுன்னு ரெண்டு நாள் அதையே தோண்டினேன். மூணாம் ராத்திரி ரெண்டரை மணிக்குத்தான் ஊப்ஸோட முதல் வரிகள்ல கண்ணு நின்னுது. ஈஎஸ்ஆர் (ஃபால்ட்டுக்குக் காரணத்தை சிபியூ எழுதி வைக்கிற ரெஜிஸ்டர்) 96000061. பிரிச்சுப் பார்த்தா ஃபால்ட் கோடு ஹெக்ஸ்ல 21, அதாவது அலைன்மென்ட் ஃபால்ட்: எழுதுற துண்டோட அளவுக்கு முகவரி பொருந்தலை. விழுந்த இடம் மெம்காப்பி. ரெண்டு ஃபர்ம்வேர் சைஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். பழசு 16ஆல மீதியில்லாம வகுபடுது. புதுசுல 6 பைட் மிச்சம்.

அந்த 6 பைட்தான். ஏஆர்எம் 64ல இப்ப இருக்கிற மெம்காப்பி மிச்சத்தை ஒவ்வொரு பைட்டா எழுதாது. முடிவுலேருந்து பின்னாடி எண்ணி, ஏற்கெனவே எழுதின இடத்துமேலயே ஏறி, பெரிய துண்டா எழுதிட்டுப் போயிடும். ராமுக்கு அதுல ஒரு கெடுதலும் இல்லை, வேகம்தான். ஆனா ஐஓரீமேப் பண்ணின இடம் டிவைஸ் மெமரி, கார்டோட இடம். அங்க அலைன் ஆகாத முகவரியில எழுதப் போனா சிபியூ அங்கயே ஃபால்ட் போடும். மெம்செட் வச்சு சைபர் நிரப்பினாலும் இதே கதிதான். கேஷ் பிளாக்கை ஒரே அடியா சைபராக்குற கட்டளையை அது எடுத்துக்கும், டிவைஸ் மெமரியில அது செல்லாது. டெஸ்க்டாப்ல இருக்கிற எக்ஸ்86 சிபியூ இதையெல்லாம் பொறுத்துக்கும். அதனால "எங்க மெஷின்ல ஓடுதே"ங்கிறது எனக்கு ஒரு பதிலே இல்லை.

எனக்கு ஆத்திரம் தெரியாம செஞ்ச தப்புமேல இல்லை. ஐஓரீமேப் தர்ற பாயிண்டர்ல ஐஓமெம்னு குறி ஒட்டியே வருது: இது ராம் இல்லை, நேரா தொடாதே. மீறினா காட்டிக் கொடுக்க ஸ்பார்ஸ் இருக்கு, லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் 2003ல தொடங்கின, கோடை ஓட்டாமலே சோதிக்கிற கருவி. கெர்னல் கோடை பில்ட் பண்ற மேக் கட்டளையில சி=1 சேர்த்தா போதும், வரி எண்ணோட சொல்லிடும். இங்க யாரோ அந்த எச்சரிக்கையைப் பார்த்திருக்காங்க. பார்த்துட்டுத்தான் காஸ்ட்ல ஃபோர்ஸ்னு குறியும் சேர்த்து அதோட வாயை அடைச்சிருக்காங்க! மெம்காப்பி டுஐஓ-ன்னு இதுக்குன்னே ஒரு ஃபங்ஷன் கெர்னல்ல காலங்காலமா இருக்கு. காஸ்ட் அடிக்கிற நேரத்துல அந்தப் பேரை அடிச்சிருக்கலாம்.

வித்தவங்ககிட்ட கேட்டா, "ஃபார் லூப் போட்டு பைட் பைட்டா எழுதிக்கோங்க சார்"னு பதில். வாலடைல்னு (கம்பைலர் கை வைக்காதேன்னு சொல்ற குறி) இல்லாத சாதாரண பாயிண்டர்ல அப்படி லூப் எழுதினா, கம்பைலரே அதைத் திரும்ப மெம்காப்பியா மாத்திடலாம். அவங்க கார்டோட டேட்டாஷீட்லயே சில பகுதியில 32 பிட்டாத்தான் எழுதணும்னு போட்டிருக்கு. அங்க மெம்காப்பி டுஐஓ-வும் ஆகாது, ஏஆர்எம் 64ல அது 64 பிட்டா எழுதும், ஓரத்துல பைட்டா எழுதும். 32 பிட்டாவே எழுதுற ஐஓரைட்32 காப்பிங்கிற ஃபங்ஷன்தான் வேணும். அதுக்குக் கொடுக்கிற எண்ணிக்கை பைட் இல்லை, 32 பிட் சொற்கள். இதையும் மாத்திக் கொடுத்து நாலு மடங்கு எழுதினவங்களைப் பார்த்திருக்கேன்.

எக்ஸ்86லயும் எப்பவும் தப்பிச்சுட முடியாது. 2019ல அங்க மெம்காப்பி ஃப்ரம்ஐஓ-வை (டிவைஸ்லேருந்து படிக்கிற ஃபங்ஷன்) 32 பிட் துண்டா படிக்கிற மாதிரி மாத்தினாங்க. டிபிஎம்ங்கிற பாதுகாப்பு சிப்புக்கான ஒரு டிரைவர் முதல்ல 6 பைட், அப்புறம் மிச்சம்னு படிச்சுட்டிருந்தது. ரெண்டாவது படிப்பு அலைன் ஆகாத இடத்துல தொடங்கவும், தரவுக்குப் பதிலா எல்லா பிட்டும் 1ஆ வந்தது. ஊப்ஸ் வந்தாலாவது தெரியும். இப்படி ஓசைப்படாம தப்பான தரவு வந்தா எங்கேன்னு போய்த் தேடுறது?

நான் அனுப்பின திருத்தம் மூணு வரி. இன்னும் பதில் இல்லை. அவங்க சோர்ஸ்ல கிரெப் போட்டுத் தேடினேன், அதே காஸ்ட் இன்னும் 11 இடத்துல இருக்கு. அதுல ரெண்டு, யூசர் கொடுத்த நீளத்தை அப்படியே வாங்கி எழுதுற இடம். இன்னிக்கு ராத்திரி அதுலேருந்து ஆரம்பிக்கிறேன்.