எரியும் கம்பத்தின் படம் போட்டவர்களுக்கு

சனிக்கிழமை இரவு ஓர் இசையமைப்பாளரின் இணைய ரசிகர் குழுவில், அவருடைய பாடல்களை விமர்சித்த நண்பர் ஒருவரை நீக்கியதைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். குழுவின் பெயரையோ, நீக்கப்பட்ட நண்பரின் பெயரையோ, சண்டை எந்த இசையமைப்பாளரைப் பற்றியது என்பதையோ இங்கே சொல்லப் போவதில்லை. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் இன்று காலை ஒருவர் உள்பெட்டிக்கு வந்து, "அக்கா, எதிர்க்கூடாரத்து ஆளை வெளியே அனுப்பினதுக்கா இவ்வளவு வருத்தம்?" என்று கேட்டார். எதிர்க்கூடாரம் என்று அவர் எழுதியதைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க மனம் வரவில்லை.

அந்த நண்பர் எந்த எதிர்க்கூடாரத்திலிருந்தும் வந்தவர் இல்லை. எந்தப் பாடலில் எந்த இடத்தில் புல்லாங்குழல் நுழைகிறது, எந்த இடையிசையில் வயலின்கள் இரண்டு அடுக்காகப் பிரிகின்றன என்று பல ஆண்டுகளாக அந்தக் குழுவில் குறிப்பெழுதி வந்தவர் அவர். புதிதாகச் சேர்ந்த எத்தனையோ பேர் அந்தக் குறிப்புகளைப் படித்துத்தான் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அவர் இப்போது எழுதியது இவ்வளவுதான்: அண்மைக்காலப் பாடல்களில் பழைய இடையிசைகளே திரும்பத் திரும்ப வருகின்றன, அதைச் சொல்லாமல் கைதட்டிக்கொண்டே இருப்பது அந்தக் கலைஞருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. எந்தப் பாடலில், எந்த நிமிடத்தில் என்று கணக்கும் கொடுத்திருந்தார். ஒருவராவது அந்த இடத்தைப் போட்டுக் கேட்டுவிட்டு வந்து, நீங்கள் சொல்வது தவறு என்று மறுத்திருக்கலாம். யாரும் மறுக்கவில்லை. எரியும் கம்பத்தில் ஒரு மனிதனைக் கட்டிவைத்த படத்தைப் போட்டார்கள், துரோகியைக் கொளுத்துங்கள் என்றார்கள், அவருடைய பதிவுக்கு விருப்பக்குறி இட்டவர்களிடம் விளக்கம் கேட்டார்கள். அவருடைய பழைய குறிப்புகள் அத்தனையையும் அழித்தார்கள். மன்னிப்புக் கேட்டு ஒரு பதிவு எழுதினால் திரும்பச் சேர்த்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கலாம் என்று நிர்வாகி ஒருவர் கடைசியில் அறிவித்தார்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். சமயப் பிறழ்வு, அதாவது தன் சமயம் ஏற்ற கொள்கைக்கு மாறாக நம்புவது என்ற குற்றத்துக்காக வரலாற்றில் இழுத்து நிறுத்தப்பட்டவர்கள் வெளியாட்கள் இல்லை, நம்பிக்கை அற்றவர்களும் இல்லை. அவர்கள் உள்ளே இருந்தவர்கள், பெரும்பாலும் மற்றவர்களைவிட ஆழமாக நம்பியவர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படியே, திருமுழுக்குப் பெற்றவர்தான் இந்தக் குற்றத்தைச் செய்ய முடியும். வெளியே இருப்பவருக்கு வேறு பெயர், வேறு வழக்கு. அந்த எரியும் கம்பத்தில் நின்றது எப்போதும் வீட்டுப் பிள்ளைதான், அந்தப் படத்தைப் போட்டவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்பானிய இறையியலாளர் மைக்கேல் செர்வேட்டஸின் கதையைப் பாருங்கள். தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவக் கோட்பாட்டை மறுத்தார் என்பதற்காகக் கத்தோலிக்கரிடம் பிடிபட்டுத் தப்பியவர், சீர்திருத்தக் கிறித்தவத்தின் கோட்டையாக இருந்த ஜெனீவாவில் மாட்டிக்கொண்டார். அந்நகரின் சீர்திருத்தத் தலைவர் கால்வினே அவருக்கு மரண தண்டனை வேண்டும் என்றார், வாளால் முடித்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டார். நகர மன்றம் எரிக்கவே தீர்ப்பளித்தது. 1553 அக்டோபர் 27 அன்று தீ மூட்டப்பட்டபோது அவர் கடைசியாகக் கூவியதாகச் சொல்லப்படுவது, "நித்திய தேவனின் குமாரனாகிய இயேசுவே, என்மீது இரங்கும்" என்பது. தேவனின் நித்திய குமாரனே என்று அவர் சொல்லியிருந்தால், அதாவது நித்தியம் தந்தைக்கு மட்டுமன்றி மகனுக்கும் உரியது என்று ஒப்புக்கொண்டிருந்தால், உயிர் தப்பியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. நெருப்புக்குள் நின்று கொண்டும் அந்த மனிதர் இயேசுவைத்தான் அழைத்தார். இவரையா நம்பிக்கையற்றவர் என்பீர்கள்?

கலிலியோவைச் சமயத்தை வென்ற அறிவியல் வீரராக மட்டுமே காட்டும் காணொளிகளும் எனக்கு இதே காரணத்தால்தான் கசக்கின்றன. 1633இல் ரோமில் மண்டியிட்டு, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற தம் கருத்தைக் கைவிடுவதாகப் படித்த அந்த மனிதர் கடைசிவரை கத்தோலிக்கராகவே இருந்தார். மூன்று ஆண்டுகளுக்கு வாரம் ஒருமுறை பைபிளின் ஏழு மனவருத்தச் சங்கீதங்களை ஓத வேண்டும் என்பது அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையின் ஒரு பகுதி. கன்னிமாடத்தில் துறவியாக இருந்த அவருடைய மகள் மரியா செலஸ்தே அதைத் தந்தைக்காகத் தாமே ஓதுவதாக ஏற்றுக்கொண்டார். அந்த மகளை விட்டுவிட்டுச் சொல்லப்படும் கலிலியோவின் கதை பாதிக் கதை. தண்டித்தவர்கள் இப்படிப்பட்டவர்களை நம்மவர் இல்லை என்றார்கள், இன்று கொண்டாடுபவர்களும் அவர்கள் சமயத்தைச் சேர்ந்தவர்களே இல்லை என்பதுபோலப் பேசுகிறார்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து அவர்களிடமிருந்து பறிப்பது அவர்களுடைய பக்தியை.

நம் மொழிக்கும் இது புதிதில்லை. வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று அழைக்கலாகாது என்று 1860களில் மூண்ட சண்டை நூல்களில் தொடங்கி நீதிமன்றம் வரை போனது. ஒரு பக்கம் வள்ளலார், மறுபக்கம் ஆறுமுக நாவலர். இருவரும் சிவனைத் தொழுதவர்கள், இருவரும் தமிழுக்கு உழைத்தவர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எது சரியான கொள்கை, எது பிறழ்வு என்ற தீர்ப்பு நின்ற இடத்தில் நின்றதே இல்லை. 325இல் கிறித்தவ ஆயர்கள் கூடிய நைசியா சங்கம், மகன் தந்தைக்கு நிகரில்லை என்று போதித்த ஆரியஸைத் தள்ளியது. அந்தச் சங்கத்தின் கொள்கைக்காகவே வாழ்நாள் முழுதும் போராடிய அத்தனாசியுஸ், அரசர்கள் மாற மாற, ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். பிரெஞ்சுப் படையை வழிநடத்திய ஜோன் ஆஃப் ஆர்க்கை 1431இல் எரித்தார்கள், 1456இல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றார்கள், 1920இல் புனிதர் என்று அறிவித்தார்கள். எரிந்தது பத்தொன்பது வயதுப் பெண். தீர்ப்பை மாற்றலாம், அவளை மீட்க முடியுமா?

வெகுமக்கள் கலைக்குள்ளும் இது அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. 1966 மே மாதம் மான்செஸ்டரில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் மின் கிதாரோடு மேடையில் நின்றபோது கூட்டத்திலிருந்து ஒருவர், இயேசுவைக் காட்டிக்கொடுத்தவரின் பெயரைச் சொல்லி, "யூதாஸ்!" என்று கத்தினார். டிலனைப் பிடிக்காதவர் காசு கொடுத்து உள்ளே வந்து அப்படிக் கத்தமாட்டார். நாட்டார் பாடலின் தூய்மையைக் காப்பதாக நம்பிய ரசிகரின் குரல் அது. அதே ஆண்டு மார்ச்சில், பீட்டில்ஸ் இப்போது இயேசுவைவிடப் புகழ்பெற்றுவிட்டார்கள் என்று அந்த இசைக்குழுவின் ஜான் லென்னன் சொன்னது லண்டன் நாளிதழில் வந்தபோது அங்கே பெரிய சலசலப்பு எதுவும் இல்லை. சில மாதங்கள் கழித்து ஓர் அமெரிக்க இதழ் அதை எடுத்துப் போட்டதும் அமெரிக்காவின் தென்பகுதியில் இசைத்தட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். கொளுத்துவதற்கு அந்தத் தட்டுகள் அவர்கள் வீட்டிலேயே இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

குழுவில் போட்ட படங்களில் பாதி வார்ஹேமர் 40,000 விளையாட்டைச் சுற்றி உருவானவை என்பது எனக்குத் தெரியும். 1987இல் வந்த அந்த விளையாட்டின் பேரரசு, மாற்றி யோசித்தவர்களையெல்லாம் எரித்துத் தள்ளும் அரசு. அது நையாண்டிக்காகப் படைக்கப்பட்டது, பின்பற்றுவதற்காக இல்லை என்று அதை வெளியிடும் நிறுவனமே 2021இல் தெளிவாக அறிவிக்க வேண்டியிருந்தது. ஏன் அறிவிக்க வேண்டி வந்தது என்பதை "சும்மா விளையாட்டு" என்பவர்கள் சற்று யோசிக்க வேண்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். பள்ளி வயதில் நான் ஒரு மறைநூல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். எந்தச் சமயம், எந்த ஊர் என்பது வேண்டாம். அங்கிருந்த பிள்ளைகளில் அதிக வரிகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவள் நான். அன்பே வடிவான கடவுள், தகப்பன் செய்த பிழைக்குப் பிள்ளையை ஏன் தண்டிக்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். கேலியாகக் கேட்கவில்லை, இரவெல்லாம் அதை நினைத்து அழுதுவிட்டுப் போய்க் கேட்டேன். ஆசிரியர் பதில் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அடுத்த வாரம் நான் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தபோது, எப்போதும் தன் புத்தகத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் விரித்து வைக்கும் தோழி, அதை மெதுவாகத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். பக்கத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள், நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு யார் என்ன சொல்லியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கேள்விக்குப் பதில் இல்லை என்பதைக்கூட நான் தாங்கியிருப்பேன். கடவுளை நேசித்ததால் கேட்ட கேள்வியைக் கடவுளை வெறுப்பவளின் கேள்வி ஆக்கிவிட்டார்களே, அது இன்றைக்கும் ஆறவில்லை.

இனி, வரப்போகும் மறுப்புகள். உயிரோடு எரித்ததையும் ஒரு குழுவிலிருந்து நீக்குவதையும் ஒன்றாக்கலாமா என்பீர்கள். இரண்டும் ஒன்று என்று நான் எங்கேயும் எழுதவில்லை. உயிரின் விலை எனக்கும் தெரியும். நான் பேசுவது நெருப்புக்கு முன்னால் நடப்பவற்றைப் பற்றி. சொன்னதை ஆராயாமல் சொன்னவருக்குப் பெயர் சூட்டுவது, அவரோடு பேசியவர்களையும் விசாரிப்பது, தவறு என்று நிறுவாமலேயே சொன்னதைத் திரும்பப் பெறச் சொல்வது ஆகிய இவை நெருப்பு இல்லாத இடத்திலும் நடக்கும், சனிக்கிழமை நடந்தன. பழைய குறிப்புகளை அழித்ததை என்ன சொல்ல? இங்கிலாந்தின் இறையியலாளர் ஜான் விக்ளிஃப் இறந்தது 1384இல். அவர் சமயப் பிறழ்வைப் போதித்தவர் என்று 1415இல் தீர்மானித்து, 1428இல் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்தார்கள். இன்று சொன்ன ஒரு கருத்துக்காக, என்றோ எழுதிய புல்லாங்குழல் குறிப்பை அழிப்பவர்களின் கையில் இருப்பது அதே மண்வெட்டிதான்.

குழுவுக்கு விதிகள் உண்டு என்பவர்களிடம் ஒரே கேள்வி: எந்த விதியை அவர் மீறினார்? அதைக் காட்டுங்கள், பிறகு பேசுவோம்.

எல்லை இல்லாமல் நம்பிக்கை ஏது, யாரும் எதையும் சொல்லலாம் என்றால் சமயம் என்று ஒன்று எப்படி நிற்கும் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். இது நேர்மையான கேள்வி, இதை நான் மதிக்கிறேன். இது எங்கள் போதனை, அது எங்கள் போதனை இல்லை என்று சொல்லும் உரிமை எந்தச் சமூகத்துக்கும் உண்டு. வாதிட்டு, நூல்களை எடுத்து வைத்து, கடைசியில் நம் வழிகள் வேறு என்று பிரிந்து போன மரபுகளும் உலகில் உண்டு. ஆனால் கொள்கையை மறுப்பது வேறு, மனிதரை அழிப்பது வேறு. செர்வேட்டஸ் எரிக்கப்பட்ட பிறகு செபாஸ்தியன் கஸ்தெல்லியோ என்ற இறையியலாளர் எழுதினார்: ஒரு மனிதனைக் கொல்வது கோட்பாட்டைக் காப்பது ஆகாது, அது ஒரு மனிதனைக் கொல்வதுதான். கஸ்தெல்லியோ நாத்திகர் இல்லை, பைபிளை மொழிபெயர்த்தவர். அவருடைய அந்த நூல் 1612இல், அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்துத்தான் அச்சேற முடிந்தது.

சரி, படம் போட்டவர்களை விடுங்கள். அவர்களில் பலர் அந்த நண்பரின் ஒரு குறிப்பைக்கூடப் படித்திருக்கமாட்டார்கள். என்னை வதைப்பது மற்றவர்கள். அவரோடு இரவு முழுக்கப் பாடல்களைப் பற்றிப் பேசியவர்கள், அவருடைய குறிப்புகளைத் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்கொண்டவர்கள், சனிக்கிழமை அந்த உரையாடல் ஓடிக்கொண்டிருந்தபோது இணைப்பில் இருந்துகொண்டே ஒரு சொல் சொல்லாதவர்கள். சிலர் இட்ட விருப்பக்குறியை எடுத்துவிட்டார்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாமின் யூதச் சமூகம் பின்னாளில் தத்துவவாதியாகப் புகழ்பெற்ற, அப்போது இருபத்து மூன்று வயதான ஸ்பினோசாவை விலக்கியபோது, அவரோடு எவரும் பேசலாகாது, எழுத்துத் தொடர்பும் கூடாது, ஒரே கூரையின் கீழ் இருக்கலாகாது, நான்கு முழத் தொலைவுக்குள் நெருங்கலாகாது, அவர் எழுதிய எதையும் படிக்கலாகாது என்று ஆணையிட்டது. அந்த ஆணையில் தண்டனை ஸ்பினோசாவுக்கு, ஆனால் கட்டளை முழுவதும் மற்றவர்களுக்கு. அவரைத் தெரிந்தவர்கள் ஒத்துழைக்காமல் அந்த ஆணைக்கு உயிர் வந்திருக்காது. நம் நண்பர்களுக்கு அப்படி ஓர் ஆணையைக்கூட யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நான்கு முழத்தைத் தாங்களே அளந்து விலகி நின்றுகொண்டார்கள்.

நேற்று அந்த நண்பரோடு பேசினேன். மன்னிப்புப் பதிவு எழுதப் போவதில்லை என்றார். அந்த இசையமைப்பாளரின் பாடல்களைக் கேட்பதையும் நிறுத்தப் போவதில்லை என்றார். அழிக்கப்பட்ட குறிப்புகளில் பெரும்பகுதியின் படி அவரிடம் இருக்கிறது. அவருடைய சம்மதத்தோடு, சர்ச்சைக்குள்ளான அந்தப் பதிவு உட்பட, ஒவ்வொன்றாக இந்தப் பக்கத்தில் வெளியிடப் போகிறேன். மறுக்க விரும்புபவர்கள் பாடலைப் போட்டுக் கேட்டுவிட்டு, அவர் சொன்ன நிமிடத்தைக் குறிப்பிட்டு மறுக்கலாம். எரியும் படம் போடுபவர்களின் பின்னூட்டங்களுக்கு இங்கே பதில் இராது.