பட்டப்பகலில் ஒரு பேய்ப்படம்

சென்ற மாதம் மதுரையில் ஒரு கல்லூரி அரங்கில் நடந்த குறும்பட விழாவில், பதினோரு நிமிடம் ஓடும் பேய்ப்படம் ஒன்றைப் பகல் மூன்று மணிக்குப் பார்த்தேன். மும்முனை மின்சாரம் வந்தால் தண்ணீர் பாய்ச்சலாம் என்று நள்ளிரவில் தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் தனியாகக் காத்திருக்கிறார் ஒரு விவசாயி. வெளியே யாரோ கிணற்றுக்குள் வாளி இறக்குகிறார்கள். கடைசிவரை பேய் கண்ணில் படுவதே இல்லை. படம் முழுவதும் இருட்டையும் சத்தத்தையும் நம்பியே எடுக்கப்பட்டிருக்கிறது. அந்த இரண்டுமே அன்று அரங்கில் இல்லை. திரைச்சீலை எட்டாத இரண்டு சன்னல்கள் வழியே வெயில் விழுந்துகொண்டிருந்தது, தலைக்கு மேல் எட்டு மின்விசிறிகள் இரைந்தன, வாளி தண்ணீரைத் தொடும் இடத்தில் தேநீர்த் தட்டு எங்கள் வரிசைக்கு வந்து சேர்ந்தது. படத்தை எடுத்த தம்பி கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றபடி, திரையைப் பார்க்காமல் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் நடுவர் ஒருவர், "இதன் மூலம் சமூகத்துக்கு என்ன சொல்ல வருகிறீர்கள்?" என்று கேட்டார். நடுச்சாமத்தில் மின்சாரத்துக்காக ஒரு மனிதன் ஏன் காட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற கேள்வியை அந்தப் படம் பதினோரு நிமிடமும் கேட்டுக்கொண்டிருந்தது என்பது அவருக்குப் படவில்லை. அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். படமே சரியாகத் தெரியாத அரங்கில் அவருக்கு மட்டும் எப்படிப் புரியும்? திகில், அறிவியல் புனைவுக் குறும்படங்களுக்கு விழாக்களில் பொழுது சாய்ந்தபின் தனிக்காட்சி ஒன்று வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

புரொஜக்டரால் கறுப்பு நிறத்தைத் திரையில் வீச முடியாது. ஒளி விழாத வெள்ளைத் திரைதான் நாம் பார்க்கும் கறுப்பு. ஆகவே, எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய கருவியாக இருந்தாலும், சன்னல் வெளிச்சம் பட்ட திரையில் இரவுக்காட்சி சாம்பல் பூசிய சுவராகத்தான் தெரியும். வசனத்தில் நிற்கும் படம் இந்தச் சூழலிலும் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். திகில் படம் அங்கேயே செத்துவிடும். மொபைலில் பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள். வயிற்றைப் பிசையும் அந்தக் கனத்த தாழ்ந்த ஒலியைத் தர விரல் நக அளவு ஸ்பீக்கரால் இயலாது. இத்தகைய படங்களுக்குத்தான் விழா அரங்கு மற்றெதையும்விடத் தேவைப்படுகிறது. அவற்றைத்தான் மதிய உணவுக்குப் பின் கண் செருகும் நேரத்தில் தள்ளிவிடுகிறோம்.

மதுரை குறும்படங்களுக்குப் பழக்கமில்லாத ஊர் அல்ல. 'மறுபக்கம்' என்ற அமைப்பு 1998 முதல் இங்கே ஆவணப்பட, குறும்பட விழா நடத்தி, சிறிய படங்களை உட்கார்ந்து பார்க்கும் ஒரு கூட்டத்தை உருவாக்கியிருக்கிறது. இந்த ஊர்க்காரரான கார்த்திக் சுப்பராஜ் தொலைக்காட்சிக் குறும்படப் போட்டி வழியாக வந்து, 2012இல் எடுத்த முதல் முழுநீளப் படமும் திகில் படம்தான்.

அறிவியல் புனைவின் கதை வேறு. பணம் இல்லாமல் அதை எடுக்க முடியாது என்ற நினைப்பு எடுப்பவர்களுக்கே இருக்கிறது. 1962இல் பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் காலப்பயணத்தை 28 நிமிடத்தில், ஏறக்குறைய முழுவதும் நிழற்படங்களை மட்டுமே அடுக்கிச் சொல்லி முடித்தார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். அதே விழாவில் பார்த்த ஒரு மாணவர் படத்தில், ரேஷன் கடைக் கைரேகைக் கருவி ஒரு பாட்டிக்கு அடுத்த மாதத் தேதியிட்ட ரசீதைத் தருகிறது. அதற்கடுத்த மாத ரசீது மட்டும் வரவே மறுக்கிறது. ஒரு கருவி, ஒரு பாட்டி, ஒரு துண்டுக் காகிதம், அவ்வளவுதான் செலவு. கீழடிக் குழிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலத்தைப் பற்றிக் கதை கிடைக்கவில்லை என்று நாம் சொல்லக் கூடாது.

எடுப்பவர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், திடீரென்று காது கிழிய ஓர் அலறல், கடைசியில் எல்லாம் கனவு. இப்படி வருவனவற்றை இரக்கமில்லாமல் நிராகரிக்க வேண்டும். எண்ணிக்கைக்காக இருபது படங்களைத் திணிப்பதைவிட, அந்தத் தனிக்காட்சிக்குத் தொண்ணூறு நிமிடத்துக்குள் அடங்கும் ஆறேழு படங்கள் போதும். முந்தைய நாளே இயக்குநர்களை அழைத்து, அதே அரங்கில் ஒலியளவைச் சரிபார்க்கச் செய்தால் பாதிப் புலம்பல் குறையும்.

இரவுக்காட்சி வைத்தால் மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் திரும்ப வேண்டியவர்கள் என்ன செய்வார்கள், விடுதி மாணவிகள் எப்படி வருவார்கள் என்று அமைப்பாளர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. தூங்கா நகரம் என்ற பெருமை, கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவருக்கு உதவாது. ஆனால் டிசம்பரில் ஆறு மணிவாக்கில் பொழுது சாய்ந்துவிடுகிறது. ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்கு முடிக்கலாம். அதுவும் முடியாதென்றால் இரண்டு சன்னலுக்கும் கறுப்புத் துணி அடிக்கலாம். விளக்குத்தூண் பக்கம் போய் அந்தத் துணியை என் செலவில் வாங்கித் தருவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். சன்னல் அளவு இன்னும் வந்து சேரவில்லை.