டீ ரெண்டு

(திருப்பாச்சேத்தி பக்கம் ஒரு அருவாள் பட்டறை.)

தம்பி: அண்ணே, டி-டூ போட்டு ஒரு கத்தி அடித்துத் தர முடியுமா?

பட்டறைக்காரர்: டேய் பையா, கடையில் டீ ரெண்டு சொல்லு!

தம்பி: டீ இல்லை அண்ணே, டி-டூ. எஃகு. கார்பன் 1.5 சதவீதம், குரோமியம் 12.

பட்டறைக்காரர்: எதை வெட்ட?

தம்பி: எல்லாம்தான். தக்காளி, மீன், ஆட்டெலும்பு, தேங்காய்.

பட்டறைக்காரர்: ஒரே கத்தியிலா? உங்கள் வீட்டில் பல் விளக்குவதும் தோசைக்கரண்டியில்தானா?

தம்பி: ராக்வெல் என்கிற கடின அளவில் 60 இருந்தால் மழுங்கவே மழுங்காதாமே, வீடியோவில் சொன்னார்கள்.

பட்டறைக்காரர்: லேசில் மழுங்காது, சரி. எலும்பில் ஓங்கிப் போட்டால் கத்தியின் வாய் பல் பல்லாகப் பெயர்ந்துவிடும், அப்புறம் அதைச் சாணை பிடிக்க நான்தான் நாள் முழுக்க உட்கார வேண்டும். அருவாளுக்கு ஏன் லாரி ஸ்பிரிங் பட்டை போடுகிறோம் என்கிறாய்? லோடு ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் விழுந்தாலும் வளைந்து நிமிர்கிற இரும்பு அது. தேங்காய்க்கு அதுதான் வேண்டும்.

தம்பி: சரி, 1095?

பட்டறைக்காரர்: நான் முந்நூறுதானே கேட்பேன்? நீயாகக் கூடக் கொடுத்தால் வேண்டாம் என்பேனா.

தம்பி: விலை இல்லை அண்ணே! கார்பன் 0.95 இருக்கிற எஃகு.

பட்டறைக்காரர்: அதுவா. கறி, காய்க்கு அருமையாக வாய் நிற்கும். ஆனால் எலுமிச்சம்பழம் நறுக்கி ஈரத்தோடு போட்டால் காலையில் துரு. உடனே துடைத்து வைப்பாயா?

தம்பி: அம்மா சிங்கில் போட்டுவிடும்.

பட்டறைக்காரர்: அப்படியென்றால் எவர்சில்வரே போதும். அடிக்கடி தீட்ட வேண்டும், ஆனால் துருவுக்குப் பயமில்லை. நறுக்குவது எதன்மேல் வைத்து?

தம்பி: கிரானைட் மேடைமேல்தான்.

பட்டறைக்காரர்: கல்லின்மேலா! டீ ரெண்டு என்ன, டீ நாலு போட்டு அடித்தாலும் ஒரு வாரம் தாங்காது. முதலில் ஒரு பலகை வாங்கு. ஆமாம், வீட்டில் நறுக்குவது யார்?

தம்பி: அம்மாதான்.

பட்டறைக்காரர்: அம்மாவுக்கு எந்தக் கத்தி வேண்டுமாம்?

தம்பி: அது... அரிவாள்மனையில்தான் நறுக்கும்.

பட்டறைக்காரர்: கார்பன் எத்தனை, குரோமியம் எத்தனை என்று மனப்பாடம் செய்தவனுக்கு, வீட்டில் வெங்காயம் உரிக்கிற ஆளை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, பார்!

(டீ வருகிறது.)

தம்பி: எனக்கு வேண்டாம் அண்ணே.

பட்டறைக்காரர்: குடி, குடி. அப்படியே காசையும் கொடுத்துவிடு, நீதானே ரெண்டு கேட்டாய்.