மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லப்படும் வரலாறு

அந்த ஒன்றரை நிமிடக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் நான் அதை இங்கே பகிரப்போவதில்லை. நேற்று இரவுக்குள் எனக்கு மட்டும் பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். அவர்களில் நான்கு பேர் சிரிப்புப் பொம்மையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். பழைய காய்கறி மொத்தச் சந்தையான கொத்தவால் சாவடியின் சந்து ஒன்றில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, சென்னையின் சாக்கடையாகக் கிடந்த இந்த இடத்தை 1996இல் ஒருவழியாக மூடிவிட்டார்கள் என்று அந்தத் தம்பி சொல்கிறார். ஊரின் பழைய இடங்களை நடந்து காட்டும் இதற்குப் பாரம்பரிய நடை என்று பெயர் வேறு.

தம்பி, சாவடியை யாரும் மூடவில்லை. காய்கறி, பழ மொத்த வியாபாரத்தைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். மாற்றியதற்குக் காரணம் நாற்றம் அல்ல, இடப் பற்றாக்குறை. இந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. மற்றதெல்லாம் என் ஆற்றாமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொத்தவால் என்ற சொல்லே ஓர் அதிகாரியின் பதவிப் பெயர். முகலாய ஆட்சி முறையிலிருந்து வந்த அந்தப் பதவியில் இருந்தவர் ஊர்க்காவலையும் கடைத்தெருவின் விலையையும் எடையையும் கவனித்துக்கொண்டார். அவருடைய சாவடி இருந்த இடம் கொத்தவால் சாவடி. அதாவது நீங்கள் சாக்கடை என்று சொல்லும் இடத்தின் பெயரிலேயே எடைக்கும் விலைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சந்தை நிலம் ஆரிய வைசியர்களின் கன்னிகா பரமேஸ்வரி தேவஸ்தானத்துக்கு உரியது. அந்த அறநிலையம் பள்ளியும் கல்லூரியும் நடத்துகிறது. பிரிட்டிஷார் கறுப்பர் நகரம் என்று அழைத்து, பிறகு தங்கள் மன்னரின் பெயரால் ஜார்ஜ் டவுன் என்று மாற்றிய அந்தப் பகுதியின் பெத்தநாயக்கன்பேட்டைத் தெருக்கள் மாட்டு வண்டிக்கும் கைவண்டிக்கும் ஏற்ற அகலத்தில் அமைந்தவை. அதே தெருக்களுக்குள் நீலகிரி உருளைக்கிழங்கும் மதனப்பள்ளித் தக்காளியும் கூடூர் எலுமிச்சையும் நாசிக் வெங்காயமும் லாரி லாரியாக வந்து இறங்கினால் என்ன ஆகும்? லாரி உள்ளே வந்தால் திரும்ப முடியாது. திரும்ப முடியாததால் குப்பை அள்ளும் வண்டியும் வர முடியாது. ஊர் பெருத்துக்கொண்டே போயிற்று, தெரு பெருக்கவில்லை. இதில் மூட்டை தூக்கியவன் செய்த குற்றம் என்ன என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நாற்றத்துக்காகத்தான் மாற்றினார்கள் என்று இன்னும் அடம்பிடிப்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. ஜார்ஜ் டவுனின் நெரிசலைக் குறைக்க வேண்டும் என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் எடுத்த அதே முயற்சியில்தான் இரும்பு வியாபாரத்துக்கு மணலிப் பக்கம் சாத்தாங்காட்டில் அங்காடி கட்டினார்கள். இரும்பு அழுகுமா? லாரிகளுக்கு மாதவரத்தில் முனையம் அமைத்தார்கள். 2002இல் பாரிமுனையிலிருந்து வெளியூர்ப் பேருந்துகளைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் நெரிசல் என்று 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் திறந்தார்கள். பேருந்து நிலையம் இடம் மாறினால் அது நகர வளர்ச்சி, காய்கறிக் கடை இடம் மாறினால் மட்டும் நாற்றம் ஒழிந்தது! எவ்வளவு வசதியான வரலாறு.

என் அப்பா அண்ணா பிள்ளை தெருவுக்கு அருகில் ஒரு வெங்காய மண்டியில் கணக்கெழுதினார். இரவு இரண்டு மணிக்குப் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து நடந்தே கிளம்புவார்; முற்பகல் பதினொன்றுக்குத் திரும்புவார். வாசலிலேயே நின்று வேட்டியை உதறுவார். மடிப்பிலிருந்து வெங்காயச் சருகு உதிர்ந்து காற்றில் பறக்கும், அம்மா விளக்குமாற்றோடு காத்திருப்பார். ஈரம் பட்டால் ஊதாவாக எழுதும் காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதியதால் அவருடைய கீழுதட்டில் எப்போதும் ஊதா நிறத்தில் ஒரு கோடு இருக்கும். இருநூறு மூட்டை இறங்கும் இரைச்சலுக்கு நடுவே, எந்த மூட்டை எந்த ஊர்க்காரருடையது, எது ஈரம், எது காய்ந்தது என்று தூக்கி வருபவர் ஒரு சொல் சொன்னால் இவர் பேரேட்டில் ஒரு கோடு போடுவார். கையெழுத்துக் கிடையாது, ரசீது கிடையாது. சில்லறைக் கடைக்காரர் காலையில் கடனுக்கு எடுத்துப் போய் மாலையில் விற்ற காசைக் கொண்டுவந்து கொடுத்தார். இந்த ஊர் பல தலைமுறை சாம்பார் சாப்பிட்டது இந்த வாய்வார்த்தைக் கணக்கில்தான்.

நான் படித்த பள்ளியில் வகுப்பில் சத்தம் கூடினால் ஆசிரியர் மேசையைத் தட்டி, "இது என்ன வகுப்பா, கொத்தவால் சாவடியா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. ஏழாம் வகுப்பில் அப்பாவின் தொழில் என்று கேட்டிருந்த கட்டத்தில் நான் "குமாஸ்தா" என்று மட்டும் எழுதினேன். எங்கே குமாஸ்தா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று அந்த வருடம் முழுவதும் பயந்துகொண்டிருந்தேன்.

இப்போது கருத்துப் பெட்டியில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நாற்றம் இருந்ததா இல்லையா என்பீர்கள். இருந்தது. மழைக்காலத்தில் முட்டைக்கோஸ் இலை கணுக்கால் அளவுக்கு மிதிபட்டு ஊறிக் கிடக்கும். இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? ஆனால் உங்கள் வீட்டுச் சமையலறையில் நான்கு நாள் குப்பை எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். கமிஷன் மண்டிக்காரர்கள் விவசாயியை ஏமாற்றவில்லையா என்று ஒரு நண்பர் நேற்றே கேட்டுவிட்டார். ஏமாற்றியவர்கள் உண்டு. அதைப் பற்றித் தனியாக எழுதலாம். ஆனால் அந்தக் காணொளி விவசாயிக்காகக் கண்ணீர் விடவில்லை, மூக்கைத்தான் பொத்தியது. கோயம்பேடு வசதியாக இல்லையா என்பவர்களுக்கு: வசதிதான். 295 ஏக்கர், 3,000க்கும் மேற்பட்ட கடைகள், லாரி திரும்ப இடம். யார் மறுத்தது?

வசதியான அந்தக் கோயம்பேட்டை 2020இல் எப்படிப் பேசினீர்கள் என்பதையும் நான் மறக்கவில்லை. ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது உங்களுக்குத் தக்காளி வேண்டியிருந்தது; அதனால் சந்தை திறந்திருந்தது. முழு ஊரடங்கு என்று அறிவித்தவுடன் முண்டியடித்துக்கொண்டு போனவர்கள் எல்லோருமா மூட்டை தூக்குபவர்கள்? தொற்று பரவியதும் கோயம்பேடு என்பது ஊர்ப் பெயராக இல்லாமல் நோயின் பெயராக ஆகிவிட்டது. மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். 10ஆம் தேதி திருமழிசையில் தற்காலிகச் சந்தையைத் தொடங்கினார்கள். மழை பெய்து அந்தத் திடல் சேறானபோது அந்தச் சேற்றில் நின்று இறக்கியவர்களும் இதே ஆட்கள்தான். செப்டம்பர் 28ஆம் தேதி காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குத் திரும்பியது. அதற்குள் சொந்த ஊருக்குப் போன சுமைத் தொழிலாளி ஒருவரைப் பல மாதம் வீட்டுக்குள்ளேயே சேர்க்கவில்லை என்று அப்பாவுக்குத் தொலைபேசி வந்தது. வெங்காயம் மட்டும் எல்லார் வீட்டுக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது.

சாவடிச் சம்பளத்தில் வளர்ந்த பாசத்தில் நான் உணர்ச்சிவசப்படுவதாகச் சொல்வீர்கள். ஆமாம், படுகிறேன். 1996இல் அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. நடந்து போன தூரம் இரண்டு பேருந்தாகிவிட்டது. கோயம்பேட்டில் முதல் வாரம் எல்லா வரிசையும் ஒன்றுபோல இருக்கிறது என்று இரண்டு முறை வேறு கடையில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். அதை அவரே சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஐந்து வருடத்தில் வேலையை விட்டுவிட்டார்.

நேற்று இரவு அந்தக் காணொளியை அவருக்குக் காட்டியிருக்கக் கூடாது, காட்டிவிட்டேன். காது சரியாகக் கேட்காததால் அந்தத் தம்பி பேசியது எதுவும் அவருக்குப் புரியவில்லை. மூக்கைப் பொத்திய இடம் வந்தபோது மட்டும் நிறுத்தச் சொன்னார். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுக் கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "பின்னாடி தெரியுதே அந்தப் படி, அது பூண்டுக் கடை. எங்க மண்டி அதுக்கு நாலு கடை தள்ளி. கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொல்லேன் அவனை" என்றார்.