காத்திருப்பதெல்லாம் ஓய்வு இல்லை

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு கிளையன்ட்டிடமிருந்து மெசேஜ். "சின்ன சேஞ்ச்தான், அஞ்சு நிமிஷ வேலை." பதில் போடவில்லை. ஆனால் ப்ளூ டிக் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் எங்கே தூங்குவது? லோகோவை இடப்பக்கம் நகர்த்தினால் கீழே இருக்கிற வரி என்ன ஆகும் என்று, கண்ணை மூடிக்கொண்டே ஒரு மணி நேரம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். அதற்கு பில் போட முடியுமா? காலையில் கூப்பிட்டால், "அவசரமே இல்லங்க, ஞாபகம் இருக்கும்போதே அனுப்பிடலாம்னு அனுப்பினேன்" என்கிறார். அவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

நான் ஃப்ரீலான்ஸ் டிசைனர், சம்பளத்துக்கு இல்லை, சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறேன். "உனக்கென்னப்பா, நினைச்சப்ப லீவு" என்று சொல்லாத ஆள் இல்லை. எனக்கு லீவு கொடுக்கவும் நான்தான், மறுக்கவும் நான்தான். இந்த மேனேஜர் பொல்லாத ஆள்.

வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பிரான்ஸில் 2017-இல் சட்டமாக வந்தது. படித்ததும் பொறாமையாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, அது சம்பளக்காரர்களுக்கு. நான் அங்கே பிறந்திருந்தாலும் இதே ப்ளூ டிக்தான்.

வேலை இல்லாத நாளையெல்லாம் ஓய்வு நாள் என்று கணக்கு வைத்துத்தான் பல வருஷம் ஏமாந்தேன். அப்ரூவலுக்குக் காத்திருக்கும் மூன்று நாள், பேமென்ட் வந்ததா என்று பார்த்துப் பார்த்துக் கழியும் ஒரு வாரம். கை சும்மா இருக்கும், மனசு ஓவர்டைம் பார்க்கும்.

ஓய்வெடுத்தால் ஐடியா கொட்டும் என்பவர்கள் புவான்காரே கதையைச் சொல்வார்கள். கணக்கை மறந்து பயணம் போன அந்தக் கணித மேதைக்கு, வண்டியில் ஏறக் காலை வைத்த நொடியில் விடை பளிச்சிட்டதாம். அவரே எழுதி வைத்ததுதான், பொய்யில்லை. ஆனால் ஐடியாவுக்காக வாக்கிங் போனால், தெருமுனை திரும்பும்போதெல்லாம் "வந்துச்சா?" என்று மனசு கேட்கும். அதுவும் டியூட்டிதானே? எதுவும் வராவிட்டாலும் எனக்கு அந்த நாள் வேண்டும்.

அதனால் இப்போது ஓய்வு நாளையும் கொட்டேஷனிலேயே வைத்துவிடுகிறேன். பத்து நாள் வேலைக்குப் பன்னிரண்டு நாள் என்று தேதி, அதற்கேற்ற ரேட். ஒருவர் "ஜாஸ்தியா இருக்கே" என்று போய்விட்டார். வலிக்கத்தான் செய்தது.

போன ஞாயிறு போனை ஆஃப் செய்து பீரோவுக்குள் வைத்தேன். மதியம் வரைக்கும் கை தானாகப் பாக்கெட்டைத் தடவிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் எடுத்து ஆன் செய்தால், அஞ்சு மிஸ்டு கால். நாலு, லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள். இன்னொன்று அம்மா.